சேறு காய்வதற்குள்

“அம்மை, ஒரு வாசலை அழகாக்கணும்னா முதல்ல எதை மாத்தணும்?”

கேட்டவர் ஆவுடையப்பன். ஊருக்குள் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டியவர்.

காந்திமதி அம்மை அவரைவிடப் பல வயது இளையவர். ஆற்றுக்கு அக்கரையில், ஓட்டுச் சாய்ப்புள்ள சின்ன வீட்டில் இருந்தார். மனம் கனத்தவர்கள் ஆற்றைத் தாண்டிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அம்மை முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் முறத்தைத் தள்ளி வைத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்தார்.

“இப்ப வாசல் எப்படி இருக்கு, அண்ணாச்சி?”

“நல்லாத்தான் இருக்கு. பழைய கதவை எடுத்துட்டுத் தேக்குல புதுசு போட்டாச்சு. பித்தளைக் கைப்பிடி. படிக்கு வெள்ளைக் கல்லு. ரெண்டு பக்கமும் தொட்டியில செம்பருத்தி. நிலைக்கு மேல விளக்கு. அழைப்பு மணி ஒண்ணு வாங்கிப் போட்டேன். அமுக்கினா குயில் மாதிரிக் கூவும்.”

“கோலம்?”

“அதுவும் உண்டு. எனாமல் பெயிண்ட்ல நானே போட்டேன். அழியவே அழியாது.”

அடுப்படியில் யாரோ இருமினார்கள். மாடக்கண்ணு. அம்மையின் வீட்டில் சமையலைப் பார்த்துக்கொள்பவர். கை வேலை செய்யும்போது வாயும் சேர்ந்து வேலை செய்யும்.

“மழை பேஞ்சாலும் போகாதா, அண்ணாச்சி?”

“போகாது.”

“மாடு மிதிச்சா?”

“போகாதுய்யா.”

“நல்லதாப் போச்சு. நாளைக்கு என்ன கோலம்னு யோசிக்கிற பாடு மிச்சம்.”

அம்மை சிரிக்கவில்லை.

“இவ்வளவும் யாருக்காக?”

“செண்பகத்துக்காக. என் வீட்டுக்காரிக்காக.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவ பார்க்கலை.”

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் வியர்வை இல்லை.

“எங்க பையன் தாணு செத்துப்போனதுலேருந்து அவ முன்வாசலுக்கு வர்றதே இல்லை, அம்மை. போறது வர்றது எல்லாம் பின்வாசல்தான். கோயிலுக்குப் போகணும்னாலும் பக்கத்துச் சந்து வழியாச் சுத்திப் போவா. மழை பேஞ்சாலும் அப்படித்தான். அந்தச் சந்துக்குள்ள குடையை விரிக்க முடியாது. மடக்கிக் கையில வச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே போவா.”

ஆவுடையப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

“ஒரே ஒரு நாள் அவ அந்தப் படியில வந்து நின்னாப் போதும். நான் எதை மாத்தணும், சொல்லுங்க.”

“நாளைக்கு உங்க வாசப்படியில உட்காருங்க” என்றார் அம்மை. “விடிஞ்சதுலேருந்து வெயில் ஏறுற வரைக்கும். கையில எந்த வேலையும் வேண்டாம்.”

“உட்கார்ந்து?”

“தெருவைப் பாருங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

ஆவுடையப்பன் எழுந்தார். இவ்வளவு தூரம் வந்ததற்கு இதுதானா பதில் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினார். ஆற்றின் குறுக்கே கல் பாவிய பாதை உண்டு. அதில் தலை குனிந்து, கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அக்கரை சேர்ந்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் மணியை அமுக்கினார். குயில் கூவியது.

“செண்பகம், கேக்குதா?”

“கேக்குது.” அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“வந்து ஒரு தடவை நீ அமுக்கிப் பாரேன்.”

“உள்ள இருந்தே கேக்குதே. நல்லாத்தான் இருக்கு.”

செண்பகம் கோபமாகப் பேசவில்லை. மகன் போனதிலிருந்து அவர் கோபமாகப் பேசியதே இல்லை. சோறு வேளைக்கு வந்தது. வேட்டி துவைத்து மடித்து வந்தது. கேட்டதற்குப் பதிலும் வந்தது. செண்பகம் மட்டும் கூடத்தைத் தாண்டி வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் வாசப்படியில் உட்கார்ந்தார்.

தெருவைப் பார்த்தார். பால்காரர் போனார். எதிர் வீட்டில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

விளக்கு கொஞ்சம் கோணலாக இருப்பது தெரிந்தது. இத்தனை நாள் கண்ணில் படவில்லையே என்று எழுந்தார். திருப்புளியை எடுத்து வந்து விளக்கை நேராக்கினார்.

மறுபடி உட்கார்ந்தார். செம்பருத்தித் தொட்டியில் ஒரு பழுத்த இலை. கிள்ளினார். கிள்ளியதும் தொட்டியின் ஓரத்தில் மண் சிந்தியிருப்பது தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்தார்.

“என்ன அண்ணாச்சி, வாசல் மின்னுதே!” என்று தெருவில் போன ஒருவர் சொன்னார்.

“இன்னும் வேலை கிடக்கு” என்று குனிந்தபடியே சொன்னார் ஆவுடையப்பன். போனது யார் என்று அவர் பார்க்கவில்லை.

வெயில் ஏறியபோது பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

*

“உட்கார்ந்தேன், அம்மை” என்றார், அடுத்த முறை போனபோது. “நீங்க சொன்னது சரிதான். உட்கார்ந்து பார்த்தாத்தான் குறை தெரியுது. விளக்கு கோணல். கைப்பிடியில களிம்பு. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்.”

அம்மை அவரை வெகு நேரம் பார்த்தார்.

“தெரு எப்படி இருந்தது?”

“தெருவுல என்ன இருக்கு? எப்பவும் போலத்தான்.”

மாடக்கண்ணு ஒரு தம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார்.

“இன்னிக்காவது கிளம்பும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்க, அண்ணாச்சி. உங்களாலதான் போன தடவை என் குழம்பு ஆறிப்போச்சு.”

“என்னாலயா? நான்தான் அப்பவே போயிட்டேனே.”

“நீங்க போயிட்டீங்க. அம்மை சாப்பிட வரணுமே? வந்தவங்க ஆத்தைத் தாண்டிக் கண்ணுக்கு மறையிற வரைக்கும் அவங்க வாசலை விட்டு நகர மாட்டாங்க. நீங்களோ ஒவ்வொரு கல்லா எண்ணிக்கிட்டே போறீங்க. ஒரு தடவை திரும்பிக் கையைக் காட்டியிருந்தா நானும் சூடாச் சாப்பிட்டிருப்பேன்.”

“மாடக்கண்ணு, அடுப்பைப் பாரும்” என்றார் அம்மை.

மாடக்கண்ணு போனார்.

“அண்ணாச்சி, தாணு கிளம்பின அன்னிக்கு உங்க வாசல்ல என்ன நடந்தது?”

மோரைத் தூக்கிய கை பாதியில் நின்றது.

“அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு, அம்மை?”

அம்மை காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை.

ஆவுடையப்பன் மோரைக் கீழே வைத்தார்.

“மலை மேல எஸ்டேட்ல வேலை கிடைச்சிருந்தது. காலையில முதல் பஸ்ஸு. முந்தின நாள் நல்ல மழை. அக்கம்பக்கத்துல எல்லாரும் வழியனுப்ப வந்துட்டாங்க. ஆளாளுக்கு வாசல்ல ஏறி நின்னு சேறு. அப்பத்தான் படிக்குப் புதுசா வெள்ளையடிச்சிருந்தேன். அவன் ‘வரேம்ப்பா’ன்னான். ‘போய்ட்டு வா’ன்னேன். படியை விட்டு இறங்கினான். பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தான்.”

“அப்புறம்?”

“சேறு காயறதுக்குள்ள கழுவணும், அம்மை. காஞ்சுட்டா வெள்ளையில கறை பிடிச்சிரும். என் தொழில் அது. எனக்குத் தெரியும். வாளியில தண்ணி எடுத்து ஊத்திப் பெருக்கினேன்.”

அம்மையின் முகம் மாறவில்லை.

“ஊருக்குப் போறவன் போன உடனே வாசலைக் கழுவக் கூடாதாம். பிணம் எடுத்த வீட்டைத்தான் உடனே கழுவுவாங்களாம். எனக்கும் தெரியும். ஆனா எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. அவ பக்கத்துல நின்னு, ‘அவன் தெருமுனைகூடத் தாண்டலையே, அவன் தெருமுனைகூடத் தாண்டலையே’ன்னா. ‘சும்மா இரு, கறை பிடிச்சிரும்’னேன்.”

அடுப்படியில் சத்தம் இல்லை. மாடக்கண்ணு கேட்டுக்கொண்டிருந்தார்.

“மத்தியானம் சேதி வந்துச்சு. மலைப்பாதை வளைவுல பஸ் உருண்டுருச்சு. மறுநாள் அதே படி வழியா அவனைத் தூக்கிட்டு வந்தாங்க. அதே வழியா எடுத்துட்டும் போனாங்க.”

ஆற்றின் இரைச்சல் கேட்டது. அதுவரை அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“அவ என்னைக் குத்தவாளியாக்கிட்டா, அம்மை. நான் தண்ணி ஊத்தினதாலதான் பஸ் உருண்டுச்சுன்னு நினைக்கிறா.”

“அப்படிச் சொன்னாங்களா?”

“வாய்விட்டுச் சொல்லலை. சொன்னாத்தானா? பிரேக் பிடிக்கலைன்னு பேப்பர்லயே போட்டிருந்தது. வாசல்ல ஊத்தின தண்ணிக்கும் மலையில ஓடின பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க.”

“ஒரு சம்பந்தமும் இல்லை” என்றார் அம்மை.

ஆவுடையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவர் எதிராளி இல்லாமல் நிற்பதைப்போல விழித்தார்.

“சம்பந்தம் இல்லைதானே?”

“இல்லை. தண்ணியால ஒண்ணும் ஆகலை.”

“அதை நீங்க வந்து அவகிட்டச் சொல்லணும், அம்மை. நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நீங்க சொன்னாக் கேப்பா.”

“வரேன்.”

“எப்ப?”

“நல்ல மழை பேஞ்ச மறுநாள்.”

“மழை பேஞ்சா எங்க தெரு ஒரே சேறா இருக்குமே?”

“ஆமா” என்றார் அம்மை.

ஆவுடையப்பன் கிளம்பினார். நடு ஆற்றில் போனபோது மாடக்கண்ணு சொன்னது ஞாபகம் வந்தது. கல் பாசி பிடித்திருந்தது. திரும்பினால் கால் வழுக்கிவிடும் என்று நினைத்தார். குனிந்தபடியே நடந்தார்.

*

மழை பெய்தது. நன்றாகப் பெய்தது.

மறுநாள் காலையில் அம்மை வந்தார். தெருவின் ஓரத்தில் நடப்பதற்குக் கல் போட்டிருந்தார்கள். அம்மை அந்தக் கல்லில் நடக்கவில்லை. தெரு நடுவே, சேற்றில், செருப்பில்லாமல் நடந்து வந்தார்.

ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கால் கழுவக் குழாயைக் காட்டலாமா, காட்டினால் தவறாக நினைப்பாரா என்று அவர் யோசிப்பதற்குள் அம்மை படியேறிவிட்டார். வெள்ளைக் கல்லில் ஒவ்வொரு காலடியும் பதிந்தது. எனாமல் கோலத்தின் நடுப்பூவில் ஒரு முழுப் பாதம் விழுந்தது.

மணியை அமுக்கினார். குயில் கூவியது.

“நல்லாத்தான் கூவுது” என்றார் அம்மை.

கூடத்தில் உட்கார்ந்தார். செண்பகம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார்.

ஆவுடையப்பன் அம்மையைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று கண்ணால் கேட்டார்.

அம்மை தண்ணீரைக் குடித்தார்.

“எப்படி வந்தீங்க?” என்று செண்பகம் கேட்டார்.

“நடந்துதான். ஆத்துல தண்ணி வரத்து கூடியிருக்கு. கல்லு தெரியலை. தடவித் தடவித்தான் வந்தேன்.”

“ஐயையோ. இப்ப எப்படித் திரும்பப் போவீங்க?”

“அதே வழிதான். வேற வழி கிடையாதே.”

“சாப்பிட்டுட்டு இருந்து போங்களேன். தண்ணி வடியட்டும்.”

“இல்லம்மா. மாடக்கண்ணு உலை வச்சிருப்பார். நேரமாச்சுன்னா ஆத்தோட அவர் திட்டும் சேர்ந்துக்கும்.”

செண்பகத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். அப்படி ஒன்று அந்த முகத்தில் வந்து வெகு காலம் ஆகியிருந்தது.

அம்மை எழுந்தார். தண்ணீரைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை.

“வரேம்மா.”

“பார்த்துப் போங்க” என்றார் செண்பகம். அடுப்படி நிலையை விட்டு நகரவில்லை.

வாசலுக்கு வந்ததும் அம்மை நின்றார். உள்ளே கேட்கும்படி சொன்னார்.

“அண்ணாச்சி, உங்க வாசலையெல்லாம் சேறாக்கிட்டேன். நான் படியிறங்கினதும் கழுவிப் பெருக்கி விட்டுருங்க.”

“பரவாயில்லை, அம்மை. அப்புறமா...”

“அப்புறம் காஞ்சிரும். கறை பிடிச்சிரும். உடனே கழுவுங்க.”

“இல்ல, அம்மை. நீங்க போய்ச் சேர்ந்ததும்...”

“வெறும் தண்ணிதானே, அண்ணாச்சி? தண்ணியால என்ன ஆகும்?”

அம்மை படியிறங்கினார்.

ஆவுடையப்பன் நின்றார். அம்மை சொன்னால் செய்ய வேண்டும். அதுவும் அம்மை சொன்னது அவருடைய சொல்தான். அவர் நம்பும் சொல். அவர் எத்தனையோ முறை சொன்ன சொல்.

வாளியை எடுத்து வந்தார். துடைப்பத்தை எடுத்து வந்தார்.

அம்மை அப்போது பக்கத்து வீட்டைத் தாண்டியிருந்தார்.

வெறும் தண்ணீர்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு சொம்பு மொண்டார். சொம்பு வாளியின் விளிம்பில் கடகடவென்று மோதியது.

குனிந்தார். தண்ணீரை ஊற்றினார். துடைப்பம் கல்லில் ஒரு முறை உரசியது.

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

செண்பகம் வந்தார். கூடத்தைத் தாண்டி வந்தார். தேக்குக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, நிலையைத் தாண்டி, எனாமல் கோலத்தின் மேல், சேற்றின் மேல் ஓடி வந்தார். ஆவுடையப்பனின் மணிக்கட்டைப் பிடித்தார். மாவு பிசைந்த கை. அழுத்திப் பிடித்தார்.

“அவங்க தெருமுனையைத் தாண்டட்டும்.”

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

இருவரும் படியில் நின்றார்கள். அம்மை மெதுவாக நடந்துகொண்டிருந்தார். சேற்றில் காலை எடுத்து எடுத்து வைத்தார். தையல் கடையைத் தாண்டினார். அடிகுழாயைத் தாண்டினார். தூறல் விழ ஆரம்பித்தது.

செண்பகம் கையை விடவில்லை.

தெருமுனையில் ஒரு வாகை மரம் உண்டு. அதன் அருகில் போனதும் அம்மை நின்றார். திரும்பிப் பார்த்தார்.

“அங்கதான்” என்றார் செண்பகம்.

“எது?”

“தாணுவும் அங்கதான் நின்னான். அங்க நின்னுதான் திரும்பிப் பார்த்தான்.”

ஆவுடையப்பன் செண்பகத்தின் பக்கம் திரும்பினார்.

“திரும்பிப் பார்த்தானா?”

“பார்த்தான். எனக்குக் கையைக் காட்டினான். அப்புறம் உங்களைப் பார்த்தான். நீங்க குனிஞ்சிருந்தீங்க.”

“நீ சொல்லலையே.”

“சொன்னேனே. தெருமுனைகூடத் தாண்டலையேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே.”

தூறல் வலுத்தது. செம்பருத்தி இலைகளில் சத்தம் கேட்டது. அம்மை மரத்தடிக்கு ஒதுங்கவில்லை. நனைந்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் நிமிர்வேன்னு நின்னானா?”

“ம்.”

“எவ்வளவு நேரம் நின்னான், செண்பகம்?”

செண்பகம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் கையை உயர்த்தினார். துடைப்பம் அந்தக் கையில்தான் இருந்தது. அதைக் கீழே போட அவருக்குத் தோன்றவில்லை.

தெருமுனையில் அம்மையும் கையை உயர்த்தினார். பிறகு திரும்பி, மரத்தைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்தார்.

செண்பகம் அப்போதுதான் சொன்னார்.

“இவ்வளவு நேரம்.”